ஒரே ஒரு மாதம் வண்டியில்லாமல்: லாங்கு பஜார் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் லாங்கு பஜார், மெயின் பஜார், மண்டித் தெரு வணிகர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பஜாருக்குள் பகல் நேரத்தில் வண்டிகள் வராமல் தடுக்கச் சொல்கிறவர்கள் வழக்கமாக மாநகராட்சி ஆணையருக்கு மனு எழுதுவார்கள், இல்லாவிட்டால் போக்குவரத்து போலீசுக்கு எழுதுவார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்கிற வரை எந்த அதிகாரியும் இந்த விஷயத்தில் கை வைக்கத் தயங்குவார். அப்படியே துணிந்து தடுப்பு வைத்தாலும் பத்து நாளில் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு பைக்குகள் போகத் தொடங்கிவிடும். நீங்களே முன்வந்து கேட்டால் கதை வேறு. கடைக்காரர்கள் கேட்கிற ஒன்றை மறுக்க அதிகாரிகளுக்கு அதிகக் காரணம் இருக்காது.

நான் வேலப்பாடியில் குடியிருக்கிறேன். உங்களில் சிலருக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். அதனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்திருக்கிறேன். பை தூக்கிக்கொண்டு தெருவில் நின்று உங்கள் கடைகளைப் பார்த்துமிருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

நான் கேட்பது இதுதான். லாங்கு பஜாரில் காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை மோட்டார் வண்டி எதுவும் வரக்கூடாது. கார், ஆட்டோ, குட்டியானை, பைக், ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் ஒரே விதி. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் எந்த நேரமும் வரலாம். தெருவிலேயே குடியிருக்கிறவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளின் வண்டிகளுக்கும் அனுமதிச் சீட்டு கொடுத்துவிடலாம். சரக்கு இறக்குவது காலை 10-க்கு முன்பும் இரவு 8-க்குப் பிறகும். இதை ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். மாத முடிவில் உங்கள் விற்பனைக் கணக்கு என்ன சொல்கிறதோ அதன்படி முடிவெடுங்கள்.

"வண்டி வராவிட்டால் வாடிக்கையாளர் எப்படி வருவார்?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்கும். உங்களில் பலர் இதை என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் உங்கள் கடைக்கு யார் வருகிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஊசூர் பக்கத்திலிருந்து வருகிற குடும்பங்கள் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே வருகின்றன. மஞ்சள், குங்குமம், பூஜை சாமான், எவர்சில்வர், பாய், பிளாஸ்டிக் வாளி, பிள்ளைகளுக்குத் துணி என்று ஒரே நடையில் நாலைந்து கடை ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள்தான். நேதாஜி மார்க்கெட்டில் காய்கறியும் பூவும் வாங்கிக்கொண்டு அப்படியே லாங்கு பஜாருக்குள் வருகிற பெண்களும் நடந்துதான் வருகிறார்கள்.

அப்புறம் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடத்துக்கு இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். கூட வருகிற சொந்தக்காரர்கள் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குச் சின்ன குக்கர் வேண்டும், ஸ்டவ் வேண்டும், போர்வை வேண்டும், உருளைக்கிழங்கும் கடுகு எண்ணெயும் வேண்டும். அவர்களுக்காக நம் ஊர்க் கடைப் பையன்கள் இந்தியும் பெங்காலியும் பேசக் கற்றுக்கொண்டார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தராமல் கடையிலேயே கற்றுக்கொண்ட பாஷை. இந்த வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட நம் ஊரில் கார் வைத்திருக்கவில்லை. நோயாளியை அறையில் விட்டுவிட்டு அவசரமாக ஓடி வருகிறவர்கள். பழக்கமில்லாத ஊரில், நாலாபக்கமும் ஹாரன் அடிக்கிற தெருவில், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் தடுமாறுகிற அந்த முகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு சாமான் வாங்கியதும் போதும் என்று திரும்பிவிடுகிறார்கள். மூன்றாவது சாமான் உங்கள் கடையில் இருந்திருக்கலாம்.

நடந்து வருகிறவர் என்ன படுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். கடை வாசலில் பைக்குகள் வரிசையாக நிற்பதால் நடப்பவர் நடுத்தெருவுக்குத் தள்ளப்படுகிறார். நடுத்தெருவில் ஆட்டோவும் ஸ்கூட்டியும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகின்றன. நிற்கிற பைக்குகளுக்கு நடுவில் நுழைந்து கடைக்குள் போகும்போது சூடான சைலன்சரில் கால் பட்டுக் கொப்புளம் வாங்கிய பெண்கள் எத்தனை பேர்! புடவைத் தலைப்பு ஹேண்டிலில் மாட்டும். கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு ஒரு கை எப்போதும் குழந்தையின் தலையைக் காப்பதிலேயே போய்விடும். இந்த நிலையில் அவள் உங்கள் கடை வாசலில் நின்று, தொங்கவிட்டிருக்கும் சாமானைப் பார்த்து, விலை கேட்டு, இன்னொன்றையும் எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்வாள் என்று எதிர்பார்க்க முடியுமா? பஜார் வியாபாரத்தின் உயிரே வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்கிறவர் நிற்பதில்தான் இருக்கிறது. வாங்க வேண்டும் என்று நினைக்காமல் வந்தவர் கண்ணில் பட்டதால் வாங்குவதுதான் பாதி வியாபாரம். கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். பண்டிகை இல்லாத நாட்களில் உங்களைக் காப்பாற்றுவது அந்தச் சில்லறை விற்பனைதான்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். பத்தடி முகப்புள்ள கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைக்குக்கு ஹேண்டிலோடு சேர்த்து இரண்டரை அடி வேண்டும். நான்கு பைக் நின்றால் கடையின் முகப்பு முழுவதும் மறைந்துவிட்டது. அந்த நான்கில் எத்தனை வாடிக்கையாளருடையது? பெரும்பாலான கடைகளில் காலையில் ஷட்டர் தூக்கும்போது வந்து நிற்கிற வண்டி இரவு ஷட்டர் இறக்கும்போதுதான் நகர்கிறது. அது முதலாளியின் வண்டி, கடையில் வேலை பார்க்கிறவரின் வண்டி. ஒரு வண்டி எதிர்க்கடைக்காரருடையதாகவும் இருக்கும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வேறு எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு இந்த ஊர் அவர்களுக்கு இதுவரை ஒழுங்கான பதில் தரவில்லை. ஆனால் வாடிக்கையாளரின் வண்டிக்காக என்று சொல்லி நாம் காத்துவருகிற இடத்தில் நம் வண்டிகளே நிற்கின்றன என்பதை ஒப்புக்கொண்டால்தான் பேச்சு மேலே நகரும்.

ஓடுகிற வண்டிகளின் சங்கதியும் கிட்டத்தட்ட இப்படித்தான். அண்ணா சாலையில் நெரிசல் என்று சைதாப்பேட்டைப் பக்கம் போகக் குறுக்கே புகுந்து வருகிறவர்கள் உங்களிடம் ஒரு தீப்பெட்டிகூட வாங்குவதில்லை. அவர்களுக்கு உங்கள் தெரு ஒரு சந்து, அவ்வளவுதான். அவர்கள் விடுகிற புகை மட்டும் உங்கள் பொரிகடலை மேலும் துணி மேலும் படிகிறது.

தீபாவளிக்கு முந்தின வாரத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நாட்களில் கூட்டமே வண்டிகளைத் தள்ளி நிறுத்திவிடுகிறது. தெரு முழுக்க மனிதத் தலைகள். வண்டி நுழையவில்லையே என்று அந்த வாரத்தில் எந்தக் கடைக்காரரும் வருத்தப்பட்டதில்லை. "அது பண்டிகை வியாபாரம்மா, வண்டி நின்றதால் வந்த வியாபாரமா?" என்று கேட்பீர்கள். சரிதான், பண்டிகையால் வந்த வியாபாரம்தான். நான் சொல்ல வருவது அதைவிடச் சின்ன விஷயம். வண்டி வராமலே இந்தத் தெருவால் சரக்கை வாங்கி விற்று, மக்களை வரவேற்று அனுப்ப முடியும் என்பதை ஒவ்வொரு வருஷமும் நீங்களே காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கூட்டம் தன் பாட்டுக்குச் செய்வதை, திட்டம் போட்டு, தாகத்துக்குத் தண்ணீரும் ஒதுங்க நிழலும் வைத்து, சாதாரண நாட்களிலும் செய்து பார்க்கலாமே.

வெளியூர்களில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இதில் மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சென்னை தி.நகரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கே வண்டிகள் முழுவதுமாக நிறுத்தப்படவில்லை. நடைபாதையை அகலப்படுத்தி, உட்கார இடம் போட்டு, வண்டிக்கான பாதையைக் குறைத்தார்கள். நம் தெருவில் அவ்வளவு அகலம் கிடையாது. அந்த மாதிரியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. டெல்லி சாந்தினி சவுக்கில் செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை 2021-லிருந்து காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை. நம்முடையதைப் போலவே மொத்தமும் சில்லறையும் கலந்த பழைய பஜார் அது. அங்கே காவல் தளர்ந்தபோதெல்லாம் வண்டிகள் மறுபடி நுழைந்தன என்று புகார்கள் வந்திருக்கின்றன. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது. அங்கே போய்வந்த நம் ஊர்க்காரர்கள் கோயிலைச் சுற்றி நிம்மதியாக நடந்ததைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையானால் தடுப்பு போட்டுவிடுவார்கள். ஊரே அங்கே வந்து நடக்கிறது. இவை நமக்குச் சொல்வது ஒன்றுதான்: அறிவிப்புப் பலகை மட்டும் போதாது, காவல் தளராமல் இருக்க வேண்டும், தெருக்காரர்கள் தங்களுடையது என்று நினைக்க வேண்டும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சரக்கு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு உண்மையான சிரமம் இங்கேதான். மண்டிக்கும் மார்க்கெட்டுக்கும் வருகிற காய்கறி, மூட்டை எல்லாம் பெரும்பாலும் விடியற்காலையிலேயே இறங்கிவிடுகின்றன. அவர்களுக்கு 10 மணி விதியால் பெரிய மாற்றம் இருக்காது. சிக்கல் பாத்திரக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் பிளாஸ்டிக் கடைக்கும்தான். பார்சல் ஆபீசிலிருந்து பண்டல்கள் பகலில்தான் வரும். வந்த சரக்கை உடனே எடுக்காவிட்டால் இடம் இல்லை என்பார்கள். இரவு 8-க்குப் பிறகு இறக்கினால் ஆள் வேண்டும், கூடுதல் கூலி கேட்பார்கள். இதற்கு என் யோசனை, தெருவின் இரண்டு முனைகளிலும் சரக்கு இறக்க ஒரு இடம் ஒதுக்கி, அங்கிருந்து கடைவரை தள்ளுவண்டியில் கொண்டுவருவது. தள்ளுவண்டிக்குத் தடை வேண்டாம். இதில் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு வேலை குறையாது, கூடும். ஆனால் அவர்களுக்கு எவ்வளவு கூலி, எந்த நேரம் என்பதை நீங்களும் அவர்களும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டுப் போடுகிற திட்டம் ஒரு வாரம்கூட நிற்காது.

வாங்கியதைக் கொண்டுபோகும் சிரமமும் உண்டு. சீர்வரிசைச் சாமான் வாங்குகிற குடும்பம் அண்டாவையும் குத்துவிளக்கையும் தலையில் சுமந்துகொண்டு போகுமா? போகாது, போகவும் கூடாது. பில் போட்டதும் டோக்கன் கொடுத்துவிட்டு, சாமானைத் தெருமுனையில் நிற்கும் அவர்கள் வண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாட்டைப் பத்துக் கடைகள் சேர்ந்து செய்தாலே போதும். செலவைப் பங்கு போட்டுக்கொண்டால் ஒரு கடைக்கு அது பெரிய தொகையாக இருக்காது. பெரிய ரயில் நிலையங்களில் வயதானவர்களை ஏற்றிப் போகும் பேட்டரி கார் மாதிரி ஒன்றிரண்டு இந்தத் தெருவில் ஓடினால் முட்டிவலிக்காரர்களுக்குப் பெரிய உதவி. என் அம்மா அவர்களில் ஒருவர். ஆட்டோவில் கடை வாசல்வரை வந்து இறங்குவதுதான் அவருக்கு வசதி என்று நானும் நினைத்திருந்தேன். அவரைக் கேட்டால், இறங்கிய பிறகு அந்த நாலடி தூரத்தைக் கடந்து கடைக்குள் ஏறுவதுதான் பயமாக இருக்கிறது என்கிறார்.

சரி, வேலை செய்கிறவர்களின் வண்டிகளை எங்கே நிறுத்துவது? கோட்டைப் பக்கம் பெரிய பார்க்கிங் கட்டடம் கட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பச் சட்டம் இடம் தராது. அதனால் அந்தக் கனவை விட்டுவிட்டு, மாநகராட்சியின் கையில் ஏற்கெனவே இருக்கும் காலி இடங்களில் பஜார் ஊழியர்களுக்கு மாதச் சீட்டுக் கட்டணத்தில் இடம் கேளுங்கள். சங்கமாகக் கேட்டால் கட்டணம் குறையும். கடையில் மாதச் சம்பளம் வாங்குகிற பெண்ணிடம் நாளுக்கு நாள் பார்க்கிங் காசு பிடுங்குவது நியாயமில்லை. அதை முதலாளிகள் ஏற்றுக்கொள்வதுதான் முறை.

தரைக்கடைக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் பற்றியும் உங்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். தெருவை நடப்பவர்களுக்குத் திறந்துவிடுவது என்றதும் பல ஊர்களில் முதலில் விரட்டப்படுகிறவர்கள் இவர்கள்தான். பூக்காரம்மாவும் எலுமிச்சம்பழம் கூறு கட்டி விற்கிறவரும் பஜாருக்குக் கூட்டத்தைக் கொண்டுவருகிறவர்கள். 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி, அவர்களைக் கணக்கெடுத்துச் சான்று தர வேண்டும். எங்கே விற்கலாம் என்பதை நகர விற்பனைக் குழுவில் வைத்துப் பேச வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. வண்டி போன இடத்தில் அவர்களுக்கு கோடு போட்டு இடம் கொடுங்கள். அதே சமயம், தெரு காலியானதும் கடைக்காரர்கள் பலகையை இரண்டடி, மூன்றடி என்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டால் நடப்பவர் மறுபடி நெருக்கடியில்தான் மாட்டுவார். நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்கிற அளவு. கடைவீதிக்கு அதற்கு மேலும் வேண்டும். தீயணைப்பு வண்டி நுழைகிற அகலம் நடுவில் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். துணியும் பிளாஸ்டிக்கும் அடுக்கி வைத்திருக்கிற தெருவில் இது உயிர் விஷயம். இன்று ஒரு கடையில் தீப்பிடித்தால் நிற்கிற பைக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நகர்த்தித்தான் தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியும். இதை நினைத்தாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் நடக்கச் சொல்வது கொடுமை என்று ஒருவர் வாதிட்டார். நிழல் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வண்டிகள் இல்லாவிட்டால்தான் தெருவின் குறுக்கே பந்தல் கட்டவே முடியும், தீயணைப்பு வண்டிக்கான உயரத்தை விட்டுவிட்டு. ஆங்காங்கே தண்ணீர்ப் பானை வைக்கலாம். முக்கியமாக, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும். பொருள் வாங்க வருகிற பெண்கள் அரை நாள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு நடப்பதும், அதனாலேயே சீக்கிரம் ஊர் திரும்புவதும் ஆண்கள் பலருக்குத் தெரியாத விஷயம். உங்கள் கடையில் வேலை பார்க்கும் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

எனக்கே கவலை தருகிற ஒன்று இருக்கிறது. லாங்கு பஜாரில் நுழைய முடியாத வண்டிகள் எங்கே போகும்? அண்ணா சாலைக்கும், அங்கிருந்து மருத்துவமனை இருக்கும் ஆற்காடு சாலைப் பக்கத்துக்கும் கொஞ்சம் கூடுதல் நெரிசல் போகலாம். ஆம்புலன்ஸ் போகிற சாலையில் அது நடக்கக்கூடாது. குறுக்கே புகுகிறவர்களில் சிலர் பழகியதும் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். ஆனால் நம்பிக்கையை வைத்து மட்டும் ஊரை நடத்த முடியாது. ஒரு மாதமும் போலீசார் அந்தச் சாலைகளைக் கவனித்து, நிலைமை மோசமானால் நேரத்தை மாற்ற வேண்டும். 10 முதல் 8 என்பதை மாலை 4 முதல் 8 வரை என்று குறைக்க வேண்டி வந்தாலும் சரி, எனக்குச் சம்மதமே. ஷேர் ஆட்டோக்காரர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் இரண்டு முனைகளிலும் ஸ்டாண்டு கொடுத்தால், பை நிறையச் சாமானோடு வெளியே வருகிற ஒவ்வொருவரும் அவர்களுக்கு சவாரிதான்.

சட்டம் இடம் கொடுக்குமா என்று சங்கத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். கொடுக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவைப் பாருங்கள். பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு குறிப்பிட்ட சாலையில் வண்டிகளைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் அளித்த அதிகாரிக்கும் உரிமை உண்டு. வழக்கமாக இதை அரசிதழில் வெளியிட வேண்டும். ஆனால் தடை ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காவிட்டால் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் விளம்பரம் செய்தாலே போதும் என்று அதே பிரிவு சொல்கிறது. நான் ஒரு மாதம் என்று கேட்பது இதனால்தான். கான்கிரீட் கொட்ட வேண்டாம், டெண்டர் விட வேண்டாம். நகர்த்தக்கூடிய தடுப்புகளும், இரண்டு முனையிலும் முறை வைத்துக் காவலர்களும், தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் பெங்காலியிலும் எழுதின பலகைகளும் போதும். வேலூர் 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்த ஊர். அந்தப் பெயரில் எவ்வளவோ வேலை நடந்தது. அவற்றோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. வண்டிகளை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே முக்கியம் என்று 2006-லேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை எழுதி வைத்துவிட்டது. இதற்குப் புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எந்த மாதம் என்பதில் எனக்கு ஒரு யோசனை உண்டு. ஜூலை. ஜூனில் பள்ளி திறக்கிற அமளி முடிந்திருக்கும், கத்திரி வெயிலும் தணிந்திருக்கும், தீபாவளி தூரத்தில் இருக்கும். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், அப்போது வியாபாரம் மாறுமே என்றால், ஆடி ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய அதே தேதியில்தான் பிறக்கிறது. ஆகவே போன ஜூலையோடு இந்த ஜூலையை ஒப்பிடலாம். மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறவர்களுக்கு அந்த எண் கையிலேயே இருக்கிறது. காம்போசிஷனில், அதாவது சிறு வணிகர்களுக்கான எளிய ஜி.எஸ்.டி. திட்டத்தில், இருக்கிறவர்கள் வரி கட்டுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதால் தினசரி வசூல் நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். யாரிடமும் காட்ட வேண்டாம், சங்கத்துக்குக்கூடச் சொல்ல வேண்டாம். கூடியதா குறைந்ததா என்பதை மட்டும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள். முதல் வாரத்து எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வாடிக்கையாளருக்கும் பழக்கம் வர நாள் வேண்டும். பைக்கில் வந்து பழகினவர் முதல் தடவை தடுப்பைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு திரும்பிப் போவார். இரண்டாவது தடவை வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார்.

விற்பனை குறைந்தால்? குறைந்தால் தடுப்பை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு இந்த விஷயமாக உங்களை நான் தொந்தரவு செய்யமாட்டேன். ஆனால் ஒன்றும் செய்யாமல் இருந்தால் விற்பனை இப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். கணக்கு எழுதுகிறவள் சொல்கிறேன், அது இப்படியே இல்லை. கொஞ்சம் வசதியுள்ள குடும்பங்கள் பார்க்கிங் உள்ள பெரிய கடைகளுக்குப் போகத் தொடங்கிவிட்டன. இளையவர்கள் செல்போனில் ஆர்டர் போடுகிறார்கள். பார்க்கிங் வசதியில் அந்தக் கடைகளோடு லாங்கு பஜார் ஒருநாளும் போட்டி போட முடியாது. தெரு அதற்காகக் கட்டப்பட்டதே இல்லை. உங்களிடம் இருப்பது வேறு: ஒரே நடையில் நூறு கடை, பேரம், மூன்று தலைமுறைப் பழக்கம், குடும்பத்தில் எல்லோருடைய பெயரும் தெரிந்த கடைக்காரர். இது நடந்து வருகிறவருக்கு மட்டுமே கிடைக்கிற சரக்கு.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். சுமைதூக்கும் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், தெரு வியாபாரிகள், தெருவில் குடியிருக்கிறவர்கள் ஆகியோரிலிருந்து இரண்டிரண்டு பேரையாவது கூப்பிடுங்கள், அதில் பெண்களும் இருக்கட்டும். ஒத்துவந்தால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம், நகலை மாநகராட்சிக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் கொடுக்கலாம். 115-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, ஜூலை ஒரு மாதத்துக்கு மட்டும் என்று எழுதினால் ஒரு பக்கத்தில் மனு முடிந்துவிடும். அதை எழுதித் தர நான் தயார். காசு வேண்டாம். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வந்து, எதிர்த்துக் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். என் எண் உங்களில் பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தெருவில் கணக்கு எழுதுகிறவள்,
வேலப்பாடி, வேலூர்.